கிணத்துக் கொத்தமல்லியும் குரோம்பேட்டையும்

இந்தக் கோடையில மட்டும் மூணு நண்பர்கள் ஒரே மாதிரி போட்டோ அனுப்பியிருந்தாங்க. பால்கனியில ஒரு வெள்ளைத் தொட்டி. அதுல கறுப்புக் கம்பி மாதிரி மெல்லிசான காம்புகள், நுனியில சுருண்டு பழுப்பாகிப்போன குட்டிக் குட்டி இலைகள். "மெய்டன்ஹேர் ஃபெர்ன்னு சொல்லிக் குடுத்தாங்க. வாங்கி இருபது நாள்தான் ஆச்சு. என்ன பண்றது?" மூணு பேர்ல ரெண்டு பேர் குரோம்பேட்டை, ஒருத்தர் சிட்லபாக்கம்.

என்ன பண்றதுங்கறதுக்குப் பதில் ஒரு பத்தியில அடங்கிடும், பின்னாடி சொல்றேன். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு சொல்லணும். நீங்க காசு குடுத்து வாங்கி இருபது நாள்ல காயவிடுற இந்தச் செடி, அதே குரோம்பேட்டையில யாரும் நடாம, யாரும் தண்ணி ஊத்தாம, வருஷக்கணக்கா தழைச்சு நின்ன செடி. தொட்டியில இல்லீங்க, கிணத்துக்குள்ள.

முதல்ல செடியப் பாத்துடலாம். தாவரவியல்ல இந்த இனத்துக்கு அடியாண்டம்னு பேர். கிரேக்கச் சொல், 'நனையாதது'ன்னு பொருள். இலையில தண்ணியத் தெளிச்சா சேப்பங்கிழங்கு இலையில நிக்கிற மாதிரி முத்து முத்தா நின்னு உருண்டு விழுந்துடும். சுமார் 2,300 வருஷத்துக்கு முன்னாடியே தியோபிராஸ்டஸ் என்ற கிரேக்க அறிஞர் இதைக் கவனிச்சு எழுதி வெச்சிருக்கார். உலகத்துல 200-க்கும் மேல அடியாண்டம் வகைகள் இருக்கு. அதுல ரொம்பப் பழைய புகழ் உள்ளது அடியாண்டம் கேப்பிலஸ்-வெனெரிஸ். வீனஸ் தேவதையோட கூந்தல்னு அர்த்தம். இங்கிலீஷ்காரங்க தேவதைய விட்டுட்டு கன்னிப்பொண்ணு கூந்தல்னு ஆக்கிக்கிட்டாங்க. பளபளன்னு இருக்கிற அந்தக் கறுப்புக் காம்பை உள்ளங்கையில வெச்சுப் பாத்தா பேர் ஏன் வந்ததுன்னு புரியும்.

எனக்குப் பிடிச்ச பேர் இது ரெண்டும் இல்ல. அரபு மொழியில இதுக்கு 'குஸ்பரத் அல்-பிஃர்'னு பேர். கிணற்றுக் கொத்தமல்லி! இலை அச்சு அசலா கொத்தமல்லித் தழை மாதிரிதான் இருக்கும், வளர்றது கிணத்துச் சுவர். இந்தப் பேர வெச்சவன் வீனஸையும் பாக்கல, கன்னிப்பொண்ணையும் பாக்கல. தண்ணி சேந்தப் போன இடத்துல கிணத்த எட்டிப் பாத்திருக்கான். பாரசீகத்துல 'பரே சியாவுஷான்'னு சொல்லுவாங்க, சியாவுஷ் என்ற இளவரசன் ரத்தம் சிந்தின இடத்துல முளைச்சதுன்னு கதை. யுனானி வைத்தியத்துல அந்தப் பேர்லயேதான் இருமலுக்கும் நெஞ்சுச்சளிக்கும் குடுக்கறாங்க. 18-ஆம் நூற்றாண்டு லண்டன்லயும் பாரிஸ்லயும் இதே செடியக் காய்ச்சி, சர்க்கரைப் பாகும் ஆரஞ்சுப்பூ தண்ணியும் சேர்த்து சர்பத் மாதிரி குடிச்சிருக்காங்க.

தமிழ்ல பாடப்புத்தகம் இந்த வகைச் செடிங்களுக்குப் பெரணின்னு பேர் சொல்லுது. எங்க பாட்டி 'கெணத்துச் செடி'ன்னுதான் சொல்லும். அதுக்கு மேல அதுக்குப் பேர் தேவைப்படல. மாடு திங்காது, குழம்புல போடமுடியாது, பூ கிடையாது. பூ இல்லாத செடிக்கு நம்ம ஊர்ல மரியாதை கம்மிதான்.

ஆனா பெரணிக் குடும்பமே நமக்கு அந்நியம்னு நினைச்சுடாதீங்க. வயல் வரப்பு ஓரத்துல நாலு இலையா விரிஞ்சு நிக்குதே ஆராக்கீரை, அது ஒரு பெரணி. கொல்லிமலைக்குப் போனவங்க சூப் குடிச்சுட்டு வருவீங்களே முடவாட்டுக்கால் கிழங்கு, அதுவும் பெரணியோட தண்டுதான். எங்க மாட்டுக்கொட்டாய்க்குப் பக்கத்துல தார்ப்பாய் விரிச்சுத் தொட்டி கட்டி வளர்க்கற அசோலா தண்ணியில மிதக்கிற பெரணி. அதோட இலைக்குள்ள ஒரு நீலப்பச்சைப் பாசி குடியிருந்து காத்துல இருக்கிற தழைச்சத்தப் பிடிச்சு வெக்குது. நாத்து நட்ட வயல்ல விட்டா யூரியா செலவு குறையும். மாடும் ஆசையாத் தின்னும். ஆனா கல்யாண வரவேற்புல பூங்கொத்தோட சொருகறாங்களே ஆஸ்பராகஸ் ஃபெர்ன், அது பெரணியே இல்ல. நம்ம தண்ணீர்விட்டான் கிழங்குக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி.

பெரணிக்கு விதை கிடையாது. இலையோட அடிப்பக்கத்துல பழுப்பா வித்துத்தூள் உண்டாகும். அடியாண்டத்துல இலை ஓரம் கொஞ்சம் மடிஞ்சு அந்தத் தூளைப் போர்வை மாதிரி மூடியிருக்கும். காத்து அடிச்சா தூள் பறந்து எங்க வேணா போகும். ஈரமான இடத்துல விழுந்தா முளைச்சு, நகத்தளவு கூட இல்லாத, இதய வடிவத்துல ஒரு பச்சைத் தகடு உண்டாகும். அந்தத் தகட்டுலதான் ஆண் அணுவும் பெண் அணுவும் இருக்கும். ஆண் அணு நீந்தித்தான் பெண் அணுவைச் சேரமுடியும். நீந்த ஒரு மெல்லிசு நீர்ப்படலம் வேணும். அதனால ஈரம் விட்டுப்போன இடத்துல இந்தச் செடி கொஞ்ச நாள் இலையோட நிக்கலாம், பிள்ளை பெத்துக்க முடியாது. இந்த ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

எங்க அத்தை வாக்கப்பட்ட வீடு குரோம்பேட்டை ராதா நகர் பக்கம். 1970-கள்ல பள்ளிக்கூட லீவு விட்டா நான் அங்கதான் கிடப்பேன். பின்கட்டுல ஒரு கிணறு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வெச்சுக் கட்டினது, மேல கப்பி, தேங்காநார்க் கயிறு, தகர வாளி. ஐப்பசி கார்த்திகையில குனிஞ்சு கையால மொண்டுடலாம்ங்கிற அளவுக்குத் தண்ணி ஏறும். கோடையில பதினஞ்சு இருபது அடிக்குப் போகும். அந்த ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் நடுவுல இருந்த சுவர் முழுக்க இந்தச் செடி தொங்கும். வாளி மேல வரும்போது சிந்தற தண்ணியில இலையெல்லாம் ஆடும், நனையாது. ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் தூர் எடுக்க ஆள் வருவாங்க. அரசங்கன்னு, ஆலங்கன்னு முளைச்சிருந்தா வேரோட பிடுங்கிப் போட்டுருவாங்க, சுவரப் பிளந்துடும்னு. இதைத் தொடமாட்டாங்க. "இது இருந்தா கெணறு குளுமையா இருக்கும்"னு ஒருத்தர் சொன்னது ஞாபகம் இருக்கு. உண்மையில கிணறு குளுமையா இருந்ததாலதான் அது இருந்துச்சு.

கிணத்துச் சுவர் இந்தச் செடிக்குச் செஞ்சு வெச்ச மாதிரி இடம். கேப்பிலஸ்-வெனெரிஸுக்குச் சுண்ணாம்புன்னா உயிர். ஐரோப்பாவுல சுண்ணாம்புப் பாறை இடுக்குலயும் பழைய காரைச் சுவர்லயும்தான் அதைத் தேடுவாங்க. நம்ம கிணத்துல காரை இருக்கு. மேல இருந்து நேர் வெயில் ஒரு மணி நேரம் அரை மணி நேரம்தான் விழும், மத்த நேரமெல்லாம் நிழல் வெளிச்சம். கீழ தண்ணி இருக்கறதால காத்து எப்பவும் ஈரம். அனல் காத்து வீசற கத்திரியிலயும் உள்ள சூடு ஏறாது. சுவர்ல கசியற நீர் அந்த இதயத் தகட்டுக்கு எப்பவும் ஒரு படலத்தக் குடுத்துக்கிட்டே இருக்கும். மலையில அருவி ஓரத்துல கிடைக்கிற சௌகரியம் சமவெளியில கிடைக்கணும்னா அதுக்கு ஒரே வழி கிணறுதான். மனுஷன் தனக்குத் தண்ணிக்காக வெட்டின குழி, ஒரு மலைச்செடிக்கு வீடாப் போச்சு.

குரோம்பேட்டை மண்ணுக்கும் இதுல பங்கு உண்டு. பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலை எல்லாம் ஒரே வகைக் கருங்கல். 1890-கள்ல தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தக் கல்லுக்கு சார்னோக்கைட்னு பேர் வெச்சார். கல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறையில இருக்கிற கல் இதே கல்லுங்கறதால அந்தப் பேர். நம்ம ஊர்க் கல்லுக்கு கல்கத்தாக் கல்லறைக்காரர் பேர்! மலையடிவாரத்துல இந்தக் கல்லு சிதைஞ்சு ஒரு மண்ணடுக்கு இருக்கும். மழைத்தண்ணி அதுல இறங்கி, அடியில கெட்டிப்பாறை தடுக்க, மேலாப்புலயே தங்கிடும். கூட நெமிலிச்சேரி, செம்பாக்கம், கீழ்க்கட்டளை, பல்லாவரம் பெரிய ஏரின்னு சுத்திலும் ஏரிகள். அதனாலதான் இருபது அடியில தண்ணி.

பல்லாவரத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கதான் ஒரு கற்கோடாரியக் கண்டெடுத்தார். இந்தியாவோட பழங்கற்காலத்துக்கு அதுதான் வாசல். அதே 1863-ல மெட்ராஸ்ல இருந்து ஒரு படப்புத்தகமும் வெளிவர ஆரம்பிச்சது. தென்னிந்தியப் பெரணிகளைப் பத்தி ரிச்சர்டு ஹென்றி பெடோம் எழுதினது. பெடோம் மெட்ராஸ் ராணுவத்துல அதிகாரியா வந்து, காட்டிலாகாவுக்கு மாறி, பிற்பாடு அதோட தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். மலைமலையா ஏறி ஒவ்வொரு பெரணிக்கும் படம் போட்டு விவரம் எழுதினார். இன்னிக்கும் பெரணி ஆராய்ச்சி செய்றவங்க அவர் புத்தகத்தத் தாண்டிப் போகமுடியாது.

ஒரு ராணுவ ஆளுக்கு ஏன் பெரணி மேல இவ்வளவு ஆசை? அப்போ இங்கிலாந்தே பெரணிப் பைத்தியம் பிடிச்சு அலைஞ்ச காலம். சும்மா சொல்லல, 1855-ல சார்லஸ் கிங்ஸ்லி என்ற எழுத்தாளர் அதுக்கு 'டெரிடோமேனியா'ன்னு பேரே வெச்சார், பெரணிப் பித்துன்னு அர்த்தம். இந்தப் பித்து ஆரம்பிச்ச கதை உங்க பால்கனித் தொட்டிக்கு நேரடி முப்பாட்டன் கதை. நத்தானியேல் வார்டு என்று ஒரு லண்டன் டாக்டர். வீட்டுத் தோட்டத்துல பெரணி வளர்க்க ஆசைப்பட்டார். லண்டன் காத்துல நிலக்கரிப் புகை, எத்தனை வெச்சாலும் கருகிப்போச்சு. 1829-ல ஒரு அந்துப்பூச்சிக் கூட்ட மூடின கண்ணாடிப் புட்டியில ஈர மண்ணோட வெச்சிருந்தார். பூச்சி என்ன ஆச்சோ, மண்ணுல ஒரு குட்டிப் பெரணி முளைச்சு வந்துச்சு. வெளியில வாழாத செடி, புட்டிக்குள்ள, தான் விட்ட ஈரத்தத் தானே திரும்பக் குடிச்சு வாழ்ந்துச்சு. அவர் அதையே பெருசாக்கி கண்ணாடிப் பெட்டி செஞ்சார். 1845-ல பிரிட்டன்ல கண்ணாடி மேல இருந்த வரிய எடுத்தாங்க. அதுக்கப்புறம் நடுத்தர வர்க்க வீடுகள்ல எல்லாம் கண்ணாடிப் பெட்டி, உள்ள பெரணி. சீனாவுல இருந்து தேயிலைக் கன்னு இந்தியாவுக்குக் கப்பல்ல வந்ததும் இதே மாதிரிப் பெட்டியிலதான்.

யோசிச்சுப் பாருங்க. பெரணி வீட்டுச் செடியானதே ஊர்க்காத்து கெட்டுப்போனதால. அந்தக் கண்ணாடிப் பெட்டிங்கறது ஒரு கிணத்தச் செஞ்சு நடுக்கூடத்துல வெச்ச மாதிரிதான்.

இப்போ குரோம்பேட்டைக்கு வருவோம். ஊர்ப் பேரு தோல்ல இருந்து வந்ததுன்னு பல பேருக்குத் தெரியும், அதுல கிணத்துக்கும் ஒரு பங்கு இருக்குன்னு தெரிஞ்சவங்க கம்மி. ஆல்ஃப்ரெட் சாட்டர்டன்னு ஒரு இன்ஜினியர். மெட்ராஸ் பொறியியல் கல்லூரியில பேராசிரியர், அப்புறம் மெட்ராஸ் கலைப்பள்ளிக்குத் தலைவர். நம்ம வீட்டு அலுமினியப் பாத்திரத்துக்கு இந்தியாவுல பிள்ளையார்சுழி போட்டவரும் அவர்தான். அப்போ மெட்ராஸ் மாகாணத்துல தோல் பதனிடறது ஆவாரம்பட்டையில. மெதுவான வேலை, வாரக்கணக்கா ஆகும். குரோமிய உப்புல பதனிடற முறை மேல்நாட்டுல வந்திருந்தது, சீக்கிரம் முடியும், தோலும் தண்ணிக்கு அசராது. 1903-ல சாட்டர்டன் அந்தச் சோதனைய அரசுச் செலவுல மெட்ராஸ்ல ஆரம்பிச்சார்.

அந்தத் தோல் எதுக்குன்னு நினைக்கிறீங்க? செருப்பு, குதிரைச் சேணம் எல்லாம் உண்டு. ஆனா அவர் மனசுல முக்கியமா இருந்த சரக்கு கவலைச் சால். எங்க தாத்தா காலத்துல ரெண்டு மாடு பூட்டி, சரிவுல இறங்க இறங்க, கிணத்துல இருந்து சால் மேல வரும். சாலோட அடியில தோல்ல செஞ்ச நீளக் குழாய் தொங்கும், அது வழியா தண்ணி வாய்க்கால்ல கொட்டும். ராத்திரி பகல் தண்ணியில ஊறிக் காயற பட்டைத் தோல் சீக்கிரம் இத்துப்போகும். வருஷா வருஷம் தோல் வாங்கறது குடியானவனுக்குப் பெரிய செலவு. குரோம் தோல் தாக்குப் பிடிக்கும்ங்கறது சாட்டர்டன் கணக்கு. சரியான கணக்குதான்.

வேடிக்கை என்னன்னா, அதே சாட்டர்டன்தான் கவலைக்கே உலை வெச்சவர். கிணத்து மேட்டுல எண்ணெய் இன்ஜினையும் பம்பையும் வெச்சு இறைக்கலாம்னு மாகாணம் முழுக்கச் செஞ்சு காட்டினார். நீரிறைப்பு பத்தித் தனிப் புத்தகமே எழுதினார். ஒரு கையால கவலைக்கு நல்ல தோல், இன்னொரு கையால கவலை வேண்டாத இன்ஜின். 1910-ல லண்டன்ல இருந்து மோர்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்தறது தப்புன்னு உத்தரவு போட, அரசு தன் தோல் பட்டறையக் கை கழுவிடுச்சு. ஆனா தொழில் போகல. சேம்பர்ஸ் என்ற வெள்ளைக்காரர் பல்லாவரத்துக்குத் தெற்கால குரோம் லெதர் கம்பெனிய நடத்தினார். அதச் சுத்தி எழுந்த பேட்டை குரோம்பேட்டை. கம்பெனி இன்னிக்கு இல்ல, பேர் மட்டும் ரயில் ஸ்டேஷன் பலகையில இருக்கு.

1931-ல பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவுல மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது. 1937-ல கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன்ல இருந்து தாம்பரத்துக்கு வந்துச்சு. 1949-ல குரோம்பேட்டையில எம்.ஐ.டி. அப்புறம் வயல் எல்லாம் மனை. எங்க அத்தை வீட்டு மாமாவும் அப்படி மனை வாங்கினவர்தான். மனை வாங்கினவங்க முதல் காரியமா செஞ்சது கிணறு வெட்டறது. வீட்டுக்கு ஒரு கிணறுன்னா என்ன அர்த்தம்? அந்தச் செடிக்கு ஆயிரக்கணக்குல வீடுன்னு அர்த்தம். ஊர் வளர்ந்தப்போ ஒரு காட்டுச்செடியும் கூட வளர்ந்த அபூர்வமான ஒரு முப்பது நாப்பது வருஷம் அது.

முடிஞ்சது ரெண்டு வழியா. ஒண்ணு தோல். ஒரு கிலோ தோல பதனிட 30-லிருந்து 40 லிட்டர் தண்ணி செலவாகும். அந்தத் தண்ணி உப்போடயும் குரோமியத்தோடயும் வெளிய வரும். ஒரு பட்டறைன்னா மண்ணு தாங்கும், பேட்டையே பட்டறைன்னா? பல்லாவரம் குரோம்பேட்டை நிலத்தடித் தண்ணியில உப்பும் குரோமியமும் ஏறிக் கிடக்கறத அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளந்து எழுதியிருக்காங்க. 1996 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு, வேலூர் மக்கள் நல அமைப்பு போட்ட வழக்குல, தமிழ்நாட்டுத் தோல் பட்டறைகள் மேல கடுமையான தீர்ப்பு குடுத்தது. பாலாறு வழக்குன்னு நினைச்சுக்குவோம், ஆனா அந்தத் தீர்ப்புல செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டமும் இருந்தது, அதாவது அன்னிக்குக் குரோம்பேட்டை இருந்த மாவட்டம். பட்டறைக்குப் பத்தாயிரம் ரூபா அபராதம். சுத்திகரிப்பு நிலையம் வந்துச்சு. குரோமியத்தப் பெரும்பாலும் பிடிக்கலாம், கரைஞ்ச உப்பப் பிடிக்கறது லேசுல நடக்கற காரியமில்ல. வாயில வெச்சா கரிக்கிற தண்ணி கிணத்துல இருந்தா யார் சேந்துவாங்க?

ரெண்டாவது வழி போர். அதுக்குத் தோல்காரங்கள மட்டும் குத்தம் சொல்ல முடியாது. அடுக்குமாடி வந்துச்சு, ஒரு மனையில எட்டு குடும்பம், நூறடி இருநூறடி போர். பக்கத்து வீட்டு இருபதடிக் கிணறு தன்னால வத்திடும். கிராமத்துல நாங்களும் உத்தமர் இல்ல. 1990-ல எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு, மோட்டாருக்கு ஓய்வு போச்சு. உத்திரமேரூர் பக்கத்துல எங்க வயக்காட்டுக் கிணத்துலயும் இப்போ தண்ணி பாக்கணும்னா தை மாசத்துக்குள்ள பாத்துடணும். தண்ணி கீழ இறங்கின கிணறு வெறும் வறண்ட குழி. சுவர்ல கசிவு நின்னுச்சுன்னா அந்த இதயத் தகடு முளைக்காது, இருக்கிற செடி கிழமாகிச் செத்துடும். அத்தை வீட்டுக் கிணறு முதல்ல சிமெண்ட் பூசிக்கிச்சு, அப்புறம் கொசுவுக்குப் பயந்து பலகைக்கல் மூடிக்கிச்சு, கடைசியில கட்டட இடிபாட்டப் போட்டு நிரப்பியாச்சு. மேல இப்போ ஒரு கார் நிக்குது.

2019 கோடைய நீங்க மறந்திருக்க மாட்டீங்க. சென்னைக்குக் குடிக்கத் தண்ணி சிக்கராயபுரம் கல்குவாரியில இருந்து குழாய் போட்டு எடுத்துட்டு வந்தாங்க. கல்லு வெட்டின குழியில மழைத்தண்ணி நின்னதுதான் அது. கிணத்த மூடிட்டுக் குவாரியத் தேடிப் போனோம்.

இதுல நர்சரிச் செடி எப்படி வந்துச்சு? கடையில உங்களுக்குக் குடுக்கறது பெரும்பாலும் அந்தப் பழைய கிணத்துச் செடியே இல்லீங்க. அது அடியாண்டம் ராடியானம், தென் அமெரிக்காச் சரக்கு. 1817-18-ல பிரேசிலுக்குப் போன ராடி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் நினைவா வெச்ச பேர். ஐரோப்பாக்காரங்க பெரணிப் பித்துல அதைக் கண்ணாடி வீட்டுல வளர்த்து, ரகம் ரகமாப் பிரிச்சு உலகம் முழுக்கப் பரப்பினாங்க. நீலகிரி, பழனி மலைகள்ல தோட்டத்துல இருந்து தப்பிச்சு ஓடை ஓரத்துல தானா வளருது. ஊட்டிக் குளிரும் சாரலும் அதுக்கு ஊர் மாதிரியே இருக்கு. குரோம்பேட்டை மூணாவது மாடி அப்படி இல்லையே.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில். உங்க செடியக் கொல்றது முக்கியமா மூணு: போர் தண்ணியோட உப்பு, ஏசியோட வறண்ட காத்து, ஒருநாள் காயவிட்டு மறுநாள் முக்கி எடுக்கிற பழக்கம். மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துங்க. கிடைக்காத காலத்துல ஏசி மெஷின்ல இருந்து சொட்டற தண்ணிய வாளியில பிடிங்க, காத்துல இருந்து குளிர்ந்து வடியறதுங்கறதால அதுல உப்பு இருக்காது. தொட்டிய கூழாங்கல்லும் தண்ணியும் போட்ட தட்டு மேல வெச்சு, குளியலறை ஜன்னல் ஓரம் வையுங்க. கிணத்துக்குப் பக்கத்துல வர்ற இடம் உங்க வீட்டுல அதுதான். மண்ணுல கைப்பிடி பழைய சுண்ணாம்புக் காரைத்தூள் கலக்கறது கிணத்து ரகம் கிடைச்சா மட்டும். இலை எல்லாம் பழுப்பாகிப் போச்சுன்னா தூக்கி எறிஞ்சுடாதீங்க. அடியோட கத்தரிச்சுட்டு மண்ண ஈரமா வெச்சிருங்க, தண்டுக்கு உயிர் இருந்தா சில வாரத்துல சின்னச் சுருள் எட்டிப் பாக்கும்.

இன்னொரு விஷயம், இதுதான் எனக்கு முக்கியம். 2003-ல மழைநீர் சேமிப்பு கட்டாயமானப்போ சில பேர் பழைய கிணத்த மூடாம, மொட்டைமாடிக் குழாய அதுல விட்டாங்க. அஸ்தினாபுரம், நியூ காலனிப் பக்கம் நடந்தா இன்னும் பின்கட்டுக் கிணறு உள்ள வீடுகள் உண்டு. உங்க வீட்டுலயோ தெரிஞ்சவங்க வீட்டுலயோ அப்படி ஒண்ணு இருந்தா, மழை விட்ட மார்கழியில, காலைப் பத்து மணிக்கு மேல வெயில் சாயும்போது, கம்பி வலை வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள இறங்காதீங்க, மூடிக்கிடந்த கிணத்துல விஷவாயு நிக்கும். நீளமா, சீப்புப் பல் மாதிரி ரெண்டு பக்கமும் கத்தி கத்தியா இலை இருந்தா அது டெரிஸ் விட்டாட்டா. மண்ணுல இருக்கிற ஆர்சனிக் விஷத்த உறிஞ்சற செடின்னு 2001-ல கண்டுபிடிச்சாங்களே, அது. அதுவும் காரைச் சுவர்வாசிதான். பிறை பிறையா ஒரே வரிசையில இலை கோத்து, நுனி நீண்டு சுவரத் தொட்டு அங்கயே ஒரு கன்னு போட்டிருந்தா அது அடியாண்டம் லுனுலேட்டம், மழைக்கால விருந்தாளி, கோடையில காஞ்சுடும். காம்பு கறுப்பாப் பளபளன்னு, தழை கொத்தமல்லி மாதிரிக் கிளைச்சுத் தொங்கி, தண்ணி விட்டா முத்தாத் தெறிச்சா, போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்க. தெருப் பேரோட, எத்தனை அடியில தண்ணி நிக்குதுங்கறதையும் சேர்த்து.